முழு இருதயத்தோடு நிலைத்திருக்க: சபைக்குள் ஒரு துணையோடு சோதனையை எதிர்கொள்ளும் வழிமுறை

ஆராதனைக்குத் தவறாமல் வந்தும், வேதம் வாசித்தும், ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சபையின் சிறு குழுக்களில் பல ஆண்டுகளாக இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவனாகவே முதலில் உள்ளே வந்தேன். நான் கண்டவரையில், பெரும்பாலானோர் தடுமாறுவது மனமில்லாமையால் அன்று, வரிசை தவறுவதால்தான். கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் கண்ணீரோடு கையை உயர்த்துகிறவர், பதினைந்தாம் நாள் பழைய இடத்தில் நிற்கும்போது, தன் அர்ப்பணிப்பே பொய் என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த இரவுக்கு அடுத்த காலையில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

1. தொடங்குமுன் தேவைப்படுபவை

சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு குறிப்பேடும், ஆறு வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேரமும், உங்களுக்குச் சொந்தமான ஒரு வேதாகமமும் போதும். குறிப்பேடு காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்று பலருக்குச் சோதனையின் வாசலே கைப்பேசிதான். அதைக் கவனித்து எழுதுவதற்காக அதையே கையில் எடுப்பது விவேகமாகாது.

விழுந்த மறுநாளே திட்டம் போடாதீர்கள். ஜெபமும் பாவ அறிக்கையும் அந்த நிமிடமே செய்ய வேண்டியவை. திட்டத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்திருங்கள். குற்றவுணர்வு கொதித்துக்கொண்டிருக்கும்போது செய்யும் பொருத்தனைகள் அளவுக்கு மீறியவையாக இருக்கும். நாற்பது நாள் உபவாசம் என்றும், கைப்பேசியை விற்றுவிடுவேன் என்றும் சொன்னவர்கள் அவற்றை முறித்தபோது, பழைய பாவத்தோடு முறிந்த பொருத்தனையையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

இன்னொன்றையும் மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முழு இருதயம் என்பது ஆசையே எழாத இருதயம் அன்று. "நான் உமது நாமத்துக்குப் பயந்திருக்கும்படி என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று சங்கீதம் 86:11 கேட்கிறது. சிதறிக் கிடப்பதைத்தானே ஒருமுகப்படுத்த வேண்டும்? எபிரெயர் 4:15 இயேசுவைக் குறித்து, அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருக்கிறார் என்கிறது. ஆகவே சோதனை வந்ததற்காகவே உங்களை நீங்கள் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்படித் தண்டித்துக்கொள்கிறவர், "எப்படியும் கெட்டுவிட்டேன்" என்ற எண்ணத்தில் மீதி தூரத்தையும் நடந்து முடித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

2. எந்தச் சோதனை என்று பெயரிட்டுச் சொல்லுங்கள்

தமிழ்ச் சபைகளில் "சோதனை" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறோம். வேலை போவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் சோதனை. பிறர் மனைவியை இச்சிப்பதும் சோதனை. யாக்கோபின் நிருபத்தில் முதல் அதிகாரமே இரண்டையும் பேசுகிறது: இரண்டாம் வசனத்தில் பலவிதமான சோதனைகளைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறது, பதினான்காம் வசனத்தில், "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்கிறது. முதலாவதில் பொறுமையாக நிற்க வேண்டும். இரண்டாவதில் ஓட வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொள்கிறவர், ஓட வேண்டிய இடத்தில் "கர்த்தர் என்னைப் பரீட்சிக்கிறார்" என்று நின்றுகொண்டிருப்பார்.

எனவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், உங்களை இழுப்பது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "மாம்சத்தின் பலவீனம்" என்றோ, "உலகப்பிரகாரமான காரியங்கள்" என்றோ எழுதாதீர்கள். "இரவில் தனியாக ஆபாசக் காணொளி பார்க்கிறேன்", "கோப்புக்குள் வைத்துத் தரும் பணத்தை எடுத்துக்கொள்கிறேன்", "சம்பள நாளில் குடிக்கிறேன்", "மனைவிக்குத் தெரியாமல் ரம்மி ஆடிக் கடன் வைத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். பக்திச் சொற்களின் பின்னால் பாவம் வசதியாக ஒளிந்துகொள்ளும். வெறுஞ்சொல்லில் எழுதும்போது நாம் எதை எதிர்த்து நிற்கிறோம் என்பது நமக்கே விளங்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோபம், சோம்பல், இச்சை, பொய் என்று பட்டியலிட்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடிக்க முயன்றவர் எவரும் மூன்றாம் வாரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

3. ஏழு நாட்கள் குறித்துவையுங்கள்

இந்த ஒரு வாரத்தில் எதையும் மாற்ற முயல வேண்டாம் என்று சொன்னால் பலர் அதிர்ச்சியடைகிறார்கள். பாவம் செய்துகொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்கம்போல் எதிர்த்து நில்லுங்கள், ஆனால் இழுப்பு எழும் ஒவ்வொரு முறையும், விழுந்தாலும் நின்றாலும், நேரம், இடம், அதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் நடந்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

ஒரு தம்பி என் கையில் கொடுத்த குறிப்பேட்டில் இப்படி இருந்தது: "செவ்வாய், இரவு 11.40. அறையில் தனியே. மேனேஜர் எல்லார் முன்பும் திட்டினார். சாப்பிடவில்லை." அதற்குக் கீழே, "வியாழன், இரவு 12.10. அறை. ஊரிலிருந்து அப்பா போன், தங்கச்சி கல்யாணக் கடன் பேச்சு. சாப்பிடவில்லை." சனிக்கிழமை நள்ளிரவு வரை நண்பர்களோடு விழித்திருந்தும் அவரிடம் இழுப்பே எழவில்லை. இரவு வேளைதான் தன் பிரச்சினை என்று இரண்டு ஆண்டுகளாக அவர் நம்பியிருந்தார். அவமானமோ பயமோ ஏற்பட்டு, பசியோடு, தனியாக அறைக்குள் நுழைவதுதான் பிரச்சினை என்று அந்த மூன்று பக்கங்கள் காட்டின. இது தெரியாமல், சோதனை நுழையாதபடி போடப்படும் எந்த வேலியும் வேறு வயலைச் சுற்றித்தான் நிற்கும்.

இங்கே நிகழும் பிழை, விழுந்த நாளை மட்டும் எழுதுவது. நின்ற நாளையும் எழுதினால்தான், அன்று எது உங்களைத் தாங்கியது என்பது தெரியவரும்.

4. துணையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு முன்பே வேலி போடத் தொடங்குவதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. தனியாகப் போட்ட வேலியைத் தனியாகவே பிரித்துவிடலாம். பிரித்தது ஒருவருக்கும் தெரியாது. கெத்செமனேயில் "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது ஒருவனிடமல்ல, சேர்ந்திருந்த சீஷரிடம். பரமண்டல ஜெபமும் "எங்களை" என்றுதான் கேட்கிறது.

ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே துணையாக இருக்க வேண்டும்; இதில் விதிவிலக்கு வேண்டாம். அந்தரங்கத்தைப் பகிர்வது நெருக்கத்தை உண்டாக்கும் என்பதால், ஒரு சோதனையிலிருந்து தப்பப் போய் இன்னொன்றைத் தேடிக்கொள்வதாகிவிடும். பெண்கள் ஐக்கியத்தில் உள்ள சகோதரிகள் தங்களைவிடச் சற்று மூத்த ஓர் அக்காவைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நன்றாக அமைகிறது. மாலையில் வெளியே கிளம்ப முடியாதவர்கள், ஐக்கியக் கூட்டம் முடிந்த பின் அரை மணி நேரம் தங்கிப் பேசலாம்.

நெருங்கிய உறவினர், ஒரே வீட்டில் இருப்பவர், உங்களுக்கு மேலதிகாரியாக இருப்பவர், உங்களுக்குக் கடன் கொடுத்தவர் ஆகியோர் வேண்டாம். நீங்கள் சொல்வதால் இவர்களுக்கு நேரடியான லாபமோ நஷ்டமோ உண்டு என்பதால், கேட்பவராக மட்டும் இருப்பது அவர்களுக்குக் கடினம். அதே சோதனையில் இப்போதும் தவித்துக்கொண்டிருப்பவரும் வேண்டாம். அவரால் உங்களைப் புரிந்துகொள்ள முடியும், தூக்கிவிட முடியாது.

யாரைத் தேட வேண்டும் என்றால், மற்றவருடைய காரியத்தை உங்களிடம் வந்து சொல்லாதவரைத் தேடுங்கள். நம் சபைகளில் வம்பு பெரும்பாலும் ஜெபக்குறிப்பின் வடிவில்தான் பரவுகிறது. "பேர் சொல்ல மாட்டேன், நம்ம வாலிபர் ஐக்கியத்துல ஒரு தம்பிக்காக ஜெபிச்சுக்கங்க, பெரிய பிரச்சினை" என்று தொடங்கும் பேச்சு, மூன்றாவது வீட்டை அடையும்போது பெயரோடு நிற்கும். எத்தனை நல்ல ஜெபவீரரானாலும், இந்தப் பழக்கம் உள்ளவரைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் ஆயரிடம், நீங்கள் இருவரும் வாரந்தோறும் சந்திப்பதை மட்டும் தெரிவித்துவையுங்கள். விவரம் சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையினருக்கு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. இந்தத் துணை அதற்கு மாற்றல்ல, இரண்டு பாவசங்கீர்த்தனங்களுக்கு இடையே உள்ள நாட்களுக்கான உதவி.

5. முதல் உரையாடல்

எங்கள் சபை வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. முதன்முதலாக என்னிடம் பேச வந்த ஒரு தம்பி அதில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கம்பெனியைப் பற்றியும் சம்பள உயர்வைப் பற்றியும் பேசினார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, இன்னொரு விஷயம்" என்றார். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் அவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

அன்று நான் செய்த தவறை மறைக்காமல் சொல்கிறேன். அவர் சொல்லி முடிக்குமுன்பே ஒரு வசனத்தை எடுத்துச் சொன்னேன். வசனம் சரியானதுதான். ஆனால் அவர் தலையை அசைத்து, "சரிண்ணே" என்று போனவர், அதன்பின் இரண்டு மாதம் என் கண்ணில் படவில்லை. பாதி சொன்னவரை வாயடைத்துவிட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆகவே சொல்பவருக்கு ஒரு வழி: குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை, உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள் வாசித்துவிடுங்கள். வாய் வரவில்லை என்றால் குறிப்பேட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நலம் விசாரிப்பை நீட்டினால் தைரியம் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் சொல்லுங்கள். "முன்னெல்லாம் இருந்தது, இப்போது கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்லத் தோன்றும், அதைச் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு உதவாத அருவருப்பான விவரங்களும் தேவையில்லை.

கேட்பவருக்கு: முழுவதும் சொல்லி முடியும்வரை பேசாதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது, "என்னிடம் சொன்னதற்கு நன்றி, இது என்னோடு இருக்கும்" என்பதே. அதன்பின் ஜெபியுங்கள். ஆலோசனையை அடுத்த சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற யாக்கோபு 5:16, அறிக்கைக்கு அடுத்தபடியாக வைத்திருப்பது ஜெபத்தைத்தான். ஒருவருக்கொருவர் என்று அது சொல்வதால், கேட்பவரும் தன் போராட்டம் ஒன்றையாவது திறந்து சொல்ல வேண்டும். ஒருவர் நோயாளியும் மற்றவர் வைத்தியருமாக அமர்ந்தால் அந்த உறவு ஒரு மாதம்கூட நீடிக்காது.

6. சோதனை வரும் வழியை அடைத்துவிடுங்கள்

இப்போதுதான் வேலி. ஏழு நாள் குறிப்பை இருவரும் சேர்ந்து பார்த்து, விழுகைக்குச் சற்று முந்திய அடியை அல்ல, அதற்கும் முந்திய அடியைத் தேடிப் பிடியுங்கள். அங்கே உங்களுக்கு இன்னும் பலம் இருக்கும். கடைசி அடியில் இருக்காது. போத்திபாரின் மனைவியின் கையில் யோசேப்பு தன் வஸ்திரத்தை விட்டு ஓடியது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அதற்கு முன்பே, அவள் நித்தம் நித்தம் பேசியும் அவளோடு இருக்கவே அவன் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 சொல்வதை மறந்துவிடுகிறோம்.

கைப்பேசி என்றால், சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். அன்றே ஓர் அலாரக் கடிகாரம் வாங்குங்கள். "அலாரத்துக்குப் போன் வேண்டுமே" என்ற நியாயம்தான் மூன்றாம் இரவே அதைத் தலையணைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஐபோனில் ஸ்கிரீன் டைம் கடவுச்சொல்லையும், ஆண்ட்ராய்டில் வடிகட்டும் செயலியின் கடவுச்சொல்லையும் நீங்கள் பாராமல் உங்கள் துணை பதியட்டும். கடவுச்சொல் உங்கள் கையிலேயே இருந்தால், அது உங்களுக்கு வேலியாகாது.

பணம் வைத்து ஆடும் ஆட்டம் என்றால், செயலியை நீக்குவது போதாது. கணக்கையே மூடி, யுபிஐ தினசரி வரம்பை வங்கிச் செயலியில் குறைத்து, கடன் தொகை முழுவதையும் மனைவியிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆனாலும் இச்சை சட்டத்துக்குக் காத்திருக்காது, வேறொரு வாசலைத் தேடிக்கொள்ளும்.

குடி என்றால், வீடு திரும்பும் பாதையை மாற்றுங்கள். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆகவே வேலை முடிந்த நேரத்திலிருந்து அதுவரையுள்ள இரண்டு மூன்று மணி நேரத்தைத்தான் நீங்கள் ஆள் துணையோடு கடக்க வேண்டியிருக்கிறது. பாடகர் குழுப் பயிற்சியும் வீட்டு ஜெபக்கூட்டமும் இந்த நேரத்தில் அமைவதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் நாளில் துணை உங்களோடு வீடுவரை வரட்டும்.

லஞ்சத்தில் நிலைமை சற்று வேறு. "பரிதானம் ஞானிகளின் கண்களைக் குருடாக்கி" என்று உபாகமம் 16:19 எச்சரிக்கிறது; ஆனால் மேசையில் மறுப்பது மட்டும் போதுமென்று நினைத்து இறங்குகிறவர்கள் தோற்றுப்போவதை நான் கண்டிருக்கிறேன். காரணம், வீட்டுக் கணக்கில் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்: பிள்ளையின் டியூஷன், சீட்டுத் தவணை, வண்டிக் கடன். முதலில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, சம்பளத்துக்குள் அடங்கும் ஒரு மாதக் கணக்கை எழுத வேண்டும். எது குறையும் என்பதை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின்புதான் மேசையில் மறுக்கும் வாய்க்கு உறுதி வரும். இந்தப் படியைச் செய்யாமல் மறுத்தவர், அடுத்த மாதம் கல்விக் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தன் மறுப்பையே நொந்துகொள்வார்.

7. காலியான இடத்தை நிரப்புங்கள்

அசுத்த ஆவி திரும்பி வந்து, வீடு வெறுமையாயும் பெருக்கி ஜோடிக்கப்பட்டும் இருக்கக் கண்டு, வேறு ஏழு ஆவிகளோடு குடிபுகுந்ததை மத்தேயு 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. வழியை அடைத்த முதல் வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பதும் இப்படிப்பட்ட வெறுமைதான். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கை தவிக்கும்.

தானியேல் ராஜாவின் போஜனத்தை மறுத்ததோடு நிற்கவில்லை. பருப்பும் தண்ணீரும் வேண்டும் என்று கேட்டு, பத்து நாள் பார்க்கச் சொன்னான். மறுப்பிலும் கேட்பதிலும் அவனோடு மூன்று நண்பர்கள் இருந்தார்கள். நீங்களும் குறிப்பேட்டைப் பார்த்து, இழுப்பு எழுந்த அதே நேரத்தில், அதற்குமுன் எது குறைந்திருந்ததோ அதைக் கொண்டு நிரப்புங்கள். பசியென்றால் சாப்பாடு. தனிமையென்றால் ஒரு மனிதர். அவமானமென்றால், அதை அப்படியே தேவனிடம் கொட்டும் பத்து நிமிட ஜெபம். பல சங்கீதங்கள் இப்படிப்பட்ட புலம்பல்களே.

வசனத்தைப் பொறுத்தவரை, பொதுவாக நல்ல வசனங்களை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் சோதனைக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வனாந்தரத்தில் ஆண்டவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் வந்த கேள்விக்கு ஏற்றது. பசியைத் தொட்ட சோதனைக்கு அப்பத்தைப் பற்றிய வசனம்தான் பதிலாயிற்று. அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லும் வசனம், மனதுக்குள் ஓடும் இச்சையோடு கலந்துபோகிறது.

8. சோதனை வந்த நிமிடத்தில்

இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் முதலில் தேடுகிறார்கள். முந்திய படிகள் நடந்திருந்தால் இதில் சொல்ல அதிகமில்லை. இடத்தை விட்டு எழுந்து வெளியே வாருங்கள். வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். துணைக்கு அழைப்பு விடுங்கள். அவர் எடுக்காவிட்டாலும் தவறிய அழைப்பே அவருக்குச் செய்தி என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலில் நின்று நீண்ட நேரம் போராட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடச் சொல்லும் 2 தீமோத்தேயு 2:22, சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே நீதியை நாடச் சொல்கிறது. ஓடிப் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்கள் நடுவில்தான். அதே அறையில் அதே கட்டிலருகே ஜெபித்துக்கொண்டிருப்பதைவிட, ஜெபித்துக்கொண்டே தெருவில் நடப்பது எத்தனையோ பேரைக் காத்திருக்கிறது.

9. வாரச் சந்திப்பை நடத்தும் விதம்

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். "இந்த வாரம் வேண்டாமே" என்று ஒருவர் சொல்லும் வாரம்தான் பெரும்பாலும் மிகவும் தேவையான வாரம். முதல் பத்து நிமிடத்தில் குறிப்பேட்டைத் திறந்துவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் ஊர்ச்செய்தி அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில: எத்தனை முறை இழுப்பு எழுந்தது, எங்கே? வேலியில் எதையாவது இந்த வாரம் தளர்த்தினீர்களா? தேவனோடு தனித்திருந்த நேரம் எப்படி இருந்தது? நான் கேட்டுவிடக் கூடாதே என்று நீங்கள் நினைத்த கேள்வி எது? கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்தைப் பொறுமையோடு காத்திருங்கள். எங்கள் சந்திப்புகளில் உண்மையாகப் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வந்தது.

எண்ணிக்கையைக் கொண்டாடாதீர்கள். "முப்பது நாள் ஆயிற்று" என்று சபைக்கு முன் சாட்சி சொன்ன ஒருவர், முப்பத்தோராம் நாள் விழுந்தபோது, சாட்சி கெட்டுவிடுமே என்று துணையிடம்கூட மறைத்தார். தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன் என்று 1 கொரிந்தியர் 10:12 சொல்லியிருக்கிறது. சாட்சிக்கு ஓராண்டு பொறுக்கலாம்.

10. விழுந்துவிட்டால்

24 மணி நேரத்துக்குள் துணையிடம் சொல்லுங்கள். இதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தமாக்கிக்கொள்ள வேண்டும். விழுந்தபின், "முதலில் சரியாகிவிட்டு அப்புறம் சொல்கிறேன்" என்று மனம் சொல்லும். அந்தத் தாமதத்தில்தான் ஒரு விழுகை ஒரு வாரமாகிறது. 1 யோவான் 1:9-ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு குறிப்பேட்டில் அந்த நாளையும் எழுதி, எந்த வேலி எங்கே திறந்தது என்று பாருங்கள். புதிதாக ஒரு பொருத்தனை செய்ய வேண்டாம். திறந்த இடத்தை அடைத்தால் போதும்.

துணையாக இருப்பவர் இந்த நேரத்தில் கலாத்தியர் 6:1-ஐ நினைவில் வைக்க வேண்டும். "சாந்தமுள்ள ஆவியோடே" சீர்பொருந்தப்பண்ணச் சொல்லும் அந்த வசனம், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிரு என்று தூக்குகிறவனையே எச்சரிக்கிறது.

விழுந்த பலர் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்றுதான் 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறது. சோதித்தறிந்து விலகியிருக்கக்கடவன் என்று சொல்லவில்லை. மனந்திரும்பிய நெஞ்சோடு எழுந்து போங்கள். தயக்கம் தீராவிட்டால், ஆராதனைக்கு முந்திய நாளே ஆயரைச் சந்தித்துப் பேசுங்கள். உங்கள் திருச்சபையின் ஒழுங்கு இதில் வேறு எதையாவது கேட்டால், அதைக் கைக்கொள்ளுங்கள்.

11. இருவரால் தாங்க முடியாதவை

நாள்தோறும் அதிகமாகக் குடிக்கிறவர், ஜெபித்துவிட்டேன் என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் துணையின் முதல் கடமை. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அழைத்து, குடும்பத்தில் ஒருவரை உடனே வரவழையுங்கள்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், இரகசியம் காக்கும் வாக்குறுதி அங்கே முடிந்துவிடுகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தவர் புகார் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. சபையின் பெயர் கெடுமே என்று மூடி மறைப்பது அந்தக் குழந்தைக்கும் தேவனுக்கும் செய்யும் துரோகம். ஆகவே முதல் உரையாடலிலேயே, "இந்த ஒன்றைத் தவிர மற்ற எதுவும் என்னோடு இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அடிபடும் சகோதரிக்குப் பொறுமையைப் போதிக்காதீர்கள்; அவருக்குத் தேவை பாதுகாப்பான ஓர் இடம்.

12. ஆறாம் வாரத்துக்குப் பின்

ஆறு வாரங்கள் முடிந்ததும் சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். மாதத்துக்கு இரண்டு முறையாகக் குறைக்கலாம். வேலிகளில் எவை இன்னும் தேவை என்று இருவரும் பாருங்கள். கூடத்தில் இருக்கும் சார்ஜர் அங்கேயே இருக்கட்டும். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்று மாதம் கழித்து, இருவரும் ஒத்துக்கொண்டால், மூன்றாமவர் ஒருவரைச் சேருங்கள். ஒருவர் ஊர் மாறினாலோ, ஷிப்ட் மாறினாலோ மற்றவர் தனியாகிவிடுவதைப் பலமுறை பார்த்த பிறகே நாங்கள் இந்த வழக்கத்துக்கு வந்தோம். சேர்க்குமுன், பழைய குறிப்பேட்டில் உள்ள எதை அவரிடம் சொல்லலாம் என்று அதற்கு உரியவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்ததை மட்டும், அவர் வாயாலேயே, அவர் முன்னிலையில் சொல்லட்டும். புதியவர் கையில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.